பதிவாளர் கேளாத கேள்வி

விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலராசிரியர் எம்மை அணுகியபோது, நாம் கண்டு மகிழ்ந்த அதிபர்களைப் பற்றியோ, விடுதிச் சாப்பாட்டைப் பற்றியோ, துடுப்பாட்டப் போட்டிகளைப் பற்றியோ எழுதுவோம் என்று அவர் எதிர்பார்த்திருத்தல் கூடும். அவற்றை எம்மினும் நயமாக எழுதவல்ல அன்பர் பலர் உளர். நாம் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. யார் யாரை மணஞ் செய்யலாம், யார் யாரை மணஞ் செய்தலாகாது என்று இந்நாட்டுச் சட்டம் கூறுவது யாது, நாம் கூறுவது யாது என்பதே அது. மங்கலமான விழாக் காலத்தில் இப்பேச்சு எதற்கு என்று வினவுவோர் சற்றுப் பொறுத்தருள்க.

சில ஆண்டுகளுக்கு முன், குடாநாட்டின் ஒரு பகுதியில், விவாகப் பதிவாளர் ஒருவரின் வீட்டு விறாந்தையில் நாம் சாட்சியாக நின்றோம். மணமகன் எம்மிடம் பயின்ற மாணவன். நற்பெறுபேறு பெற்று நல்ல உத்தியோகத்தில் அமர்ந்தவன். மணமகள் அயற்கிராமத்தவள், ஆசிரியை. இருவர்க்கும் வயது 25 கடந்திருந்தது. இரு வீட்டாரும் வரமாட்டார் என்றே அறிந்திருந்தோம். ஆயினும் பதிவுப் புத்தகம் விரிக்கப்பட்ட வேளையிற் பெண்ணின் தகப்பனார் படலையைத் திறந்துகொண்டு வந்தார். அவர் சண்டைக்கு வந்தவரல்லர். வேட்டி சால்வையுடன், திருநீறு பூசிய நெற்றியுடன் வந்து, பதிவாளரை நோக்கி, “ஐயா, இந்த எழுத்தை நீங்கள் எழுதக் கூடாது” என்றார்.

பதிவாளர் முதியவர், அனுபவசாலி. கதிரையொன்றை இழுத்துப் போட்டு, “இருங்கோ அண்ணை” என்றார். பின் ஒவ்வொன்றாகக் கேட்டார். பிள்ளைக்கு 18 வயது நிரம்பவில்லையோ? நிரம்பிவிட்டது. இருவரில் ஒருவர் முன்னரே மணமானவரோ? இல்லை. இருவரும் நெருங்கிய இரத்த உறவோ? தகப்பனார் முகஞ் சுளித்தார். அவருடைய ஆட்சேபம் அதற்கு நேர்மாறானது அன்றோ! பிள்ளை மனமின்றி அழைத்துவரப்பட்டவளோ? அதற்கு அவளே தலையசைத்து மறுத்தாள். “அப்படியென்றால் நான் எழுதத்தான் வேண்டும். நீங்கள் மனதில் வைத்திருக்கிற காரணத்தை எழுத இந்தப் புத்தகத்தில் இடமில்லை” என்றார் பதிவாளர்.

அக்காரணத்தை அவர் வாய்விட்டுச் சொல்லவேயில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. அவ்விறாந்தையில் நின்ற அனைவரும் அதனை அறிவோம். இதனைப் படிக்கும் அன்பரும் இதற்குள் அறிந்திருப்பர். கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு அவர் போய்விட்டார்.

அன்று வீடு திரும்பிய பின் 1907 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச்சட்டத்தை எடுத்துப் படித்துப் பார்த்தோம். முஸ்லிம்கள் தமக்குள் செய்யும் மணம் 1951 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாற்படும். கண்டியச் சிங்களவர் விரும்பின் 1952 ஆம் ஆண்டுக் கண்டிய விவாகச் சட்டத்தின்படி மணக்கலாம். ஏனையோர் யாவர்க்கும் 1907 ஆம் ஆண்டுச் சட்டமே சட்டம். அது விலக்கும் மணங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பெற்றார் பிள்ளை, பாட்டன் பேத்தி என நேர்வழியில் வந்தோர். முழு உடன்பிறந்தாரும் ஒருவழி உடன்பிறந்தாரும். உடன்பிறந்தாரின் மகனும் மகளும். மனைவிக்கு மற்றொரு கணவனாற் பிறந்த மகள். தந்தையின் விதவை, மகனின் விதவை ஆகியோரும் அவர்போன்ற சிலரும். இவரோடு உரிய வயது நிரம்பாதவரும், முன்னைய மணம் நீங்காதவரும் விலக்கப்படுவர். இவ்வளவே. சாதி என்னும் சொல்லை அங்கே தேடினோம், கிடைத்திலது. சமயம், ஊர், குறிச்சி என்பனவும் அங்ஙனமே.

சட்டத்தின் பட்டியல் குறியது என்பதனால் அது முற்றும் நிறைவானது என நாம் கூறவில்லை. நம் வழக்கம் அதனினும் நுட்பமாக நின்று காத்த இடமும் உண்டு. சிறிய தந்தையின் மகளும் பெரிய தாயின் மகளும் நமக்குச் சகோதரிகள். ஒன்றுவிட்ட சகோதரிகள் என்போமேயன்றி மணத்தை நினைத்தும் பாரோம். சட்டமோ அவரை விலக்கவில்லை. வாய்திறவாமல் நிற்கிறது. மாமன் மகள், மாமி மகள் என்றால் மச்சாள். அவளை மணத்தல் முறை என்போம். சட்டத்தின் கண்ணில் இவ்விரு வகையாரும் ஒன்றே. நாமே மச்சாளை மணந்தவராகையால் இது பற்றி மேலும் ஆராய்வதற்கில்லை.

சட்டம் நம்மவர் சிலரினும் கண்டிப்பாக நிற்கும் இடமும் ஒன்றுண்டு. தமிழ்நாட்டில் அக்காள் மகளை மணக்கும் வழக்கம் பல சமூகத்தாரிடையே நெடுங்காலமாக உண்டு. 1955 ஆம் ஆண்டின் இந்திய இந்து விவாகச் சட்டம் மாமன் மருமகள் மணத்தைப் பொதுவாக விலக்கிய போதும், இரு பக்கத்தார்க்கும் வழக்கம் இடங்கொடுப்பின் அது செல்லும் எனத் தளர்த்தியும் வைத்தது. இலங்கைச் சட்டத்தில் அத்தளர்வு இல்லை. அக்கரையில் வழக்கத்தின் பேராற் செல்லுபடியாகும் மணம் இக்கரையிற் செய்யப்படின் செல்லாது. அவ்வழக்கத்தை உடன்கொண்டு மலையகத்திற் குடியேறியோருள், இவ்வாறு இங்கே தாலி கட்டியவர் ஊரறியக் கணவன் மனைவியராயினும் சட்டத்தின் முன் அவ்வாறாகார். எனினும் இதிற் சட்டத்தைக் குறைகூற எமக்கு மனம் வரவில்லை. மாமனுக்கும் மருமகளுக்கும் உள்ள இரத்தத் தொடர்பு, ஒருவழிச் சகோதரர்க்கு உள்ள அளவினது என்பது இன்று உயிரியல் படிக்கும் மாணவர் அறிந்த செய்தி.

சட்டம் பிழைத்த இடத்தையும் மறைத்தல் ஆகாது. 1907 ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் ஆணுக்கு 16 வயதும் பெண்ணுக்கு 12 வயதும் போதும் என்றது. ஐரோப்பிய, பறங்கிப் பெற்றாரின் பெண் மக்களாயின் 14 வேண்டும் என்றது! ஆளுவோர் வீட்டுப் பெண்ணுக்கு இரண்டாண்டு கூடுதலான பிள்ளைப்பருவத்தை வழங்கிய அவ்வரியை ஒருமுறைக்கு இருமுறை படித்தோம். 1995 ஆம் ஆண்டிலேதான் இரு பாலார்க்கும் 18 என அது திருத்தப்பட்டது. இடையிற் கழிந்தவை 88 ஆண்டுகள். அவ்வாண்டுகளில் நம் சங்கங்களும் சபைகளும் எத்தனையோ தீர்மானங்கள் நிறைவேற்றின. நிற்க.

ஒருவர் இருக்க மற்றொருவரை மணத்தல் பற்றியும் நீதிமன்றங்கள் ஒருபடித்தாய் நிற்கவில்லை. கிறித்தவ முறைப்படி மணந்த ஒருவர் இஸ்லாத்தைத் தழுவி இரண்டாம் மணம் செய்தது குற்றமன்று என 1965 இல் இலண்டன் கோமறைக் கழகம் தீர்த்தது. அது தவறென்றும், முதல் மணம் நீங்காமற் செய்யும் இரண்டாம் மணம் செல்லாதென்றும் பின்னர் நம் உயர் நீதிமன்றம் தீர்த்தது. முதல் மனைவியரின் நிலையை எண்ணுவோர் பிந்திய தீர்ப்பையே போற்றுவர்.

ஆயினும் எமது கவலை சட்டத்தின் பட்டியல் பற்றியதன்று. அதன் பக்கத்தில் நாம் எழுதாமல் எழுதி வைத்திருக்கும் நீண்ட பட்டியல் பற்றியது. அதன் பிறப்பை அறியச் சிறிது பின்னோக்கிச் செல்லல் வேண்டும். ஒல்லாந்தர் ஆட்சியில் யார் மணந்தவர் என்பதைச் சேர்ச்சுப் பள்ளிக்கூடத்துத் தோம்பே தீர்மானித்தது. அங்கே பதியப்படாத மணத்தை அரசு மணமாகக் கொள்ளவில்லை. பிள்ளைகளின் முதுசத்துக்காகவும் உத்தியோகத்துக்காகவும் நம் முன்னோர் புறத்தே கிறித்தவராகப் பெயர் பதிந்து, அகத்தே சைவராய் வாழ்ந்தனர். மணத்துக்கு அரசு விதித்த தடையின் கொடுமையை நம் சமூகம் தன் உடம்பிலே அறிந்தது. இந்துக் கல்லூரிகள் தோன்றிய வரலாற்றிலும் அந்நினைவுக்குப் பங்குண்டு.

அதே ஒல்லாந்தர் காலத்தில், 1707 இல், யாழ்ப்பாணத்துத் திசாவையாயிருந்த கிளாஸ் ஐசாக் என்பார் நம் வழக்கங்களைத் தொகுத்துத் தேசவழமை என எழுதினார். முதலிமார் 12 பேர் அதனைப் படித்துச் சரியென ஒப்பினர். 1806 இல் ஆங்கிலேயர் அதனைச் சட்டமாக்கினர். சீதனம், முதுசம், தேடியதேட்டம் பற்றி நாம் பெருமையோடு பேசும் அத்தொகுப்பிலேயே, அடிமைகள் தம் உடையாரின் இசைவின்றி மணஞ் செய்தலாகாது என்பதும் காணப்படுகின்றது. யார் யாரை மணக்கலாம் என்பதை உடையார் ஒருவர் திண்ணையிலிருந்து தீர்மானித்த காலம் அது. 1844 இல் இந்நாட்டில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தது. திண்ணையிலிருந்து தீர்மானிக்கும் பழக்கமோ ஒழியவில்லை. மணவீட்டில் மேளம் கொட்டலாமா, பெண் பொற்றாலி அணியலாமா என்பன வரையும் பிறர் தீர்மானித்த ஊர்கள் பின்னரும் நெடுங்காலம் இருந்தன.

அயல்நாடாகிய இந்தியாவை நோக்குமிடத்து, நமக்கு எவ்வளவு எளிதாக வாயில் திறந்திருந்தது என்பது புலனாகும். அங்கே வேறுபட்ட வருணத்தார் மணம் பொதுவாகச் செல்லாது என்று கருதப்பட்ட காலத்தில், 1872 ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு வழி காட்டியது. அவ்வழியே செல்ல விரும்புவோர் தாம் இந்துவுமல்லர், கிறித்தவருமல்லர், முஸ்லிமுமல்லர் என எல்லாச் சமயத்தையும் மறுத்துச் சத்தியஞ் செய்தல் வேண்டும். தான் விரும்பியவளை மணக்கத் தன் சமயத்தைத் துறக்கவேண்டிய நிலை. 1923 இல் அது சிறிது தளர்ந்தது. இந்துக்களுள் வெவ்வேறு சாதியார் செய்த மணங்கள் செல்லும் என்று ஐயந்திரிபற உரைக்க 1949 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. (அந்த 1872 ஆம் ஆண்டுச் சட்டத்துக்காகப் பெரிதும் பாடுபட்டவர் பிரம்ம சமாசத்துக் கேசவ சந்திர சேனர். பெண்ணுக்கு 14 வயது வேண்டுமென்பது அச்சட்டம். 1878 இல் அவர் தம் மகளையே அவ்வயது நிரம்புமுன் கூச்பிகார் அரசருக்கு மணஞ் செய்து கொடுத்தார். சீர்திருத்தம் பேசுவோர் வீட்டுக் கலியாணம் எங்கும் ஒரு தனிப்பொருள் போலும்.)

இலங்கையிலோ 1907 முதலே, தமிழனும் சிங்களப் பெண்ணும், சைவனும் கிறித்தவளும், எச்சாதியாரும் எச்சாதியாரும், ஒரு சத்தியமும் துறவும் இன்றிப் பதிவாளர் முன் அமர்ந்து கையெழுத்திடலாம். நூறாண்டுக்கு மேலாகத் திறந்து கிடக்கும் வாயில் இது. அதன் குறுக்கே கதிரை போட்டு அமர்ந்திருப்பது அரசன்று, நாமே.

1957 ஆம் ஆண்டில் நிறைவேறிய சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், சாதியின் பேரால் ஒருவரைப் பாடசாலை, கடை, கோயில் முதலிய பொதுவிடங்களில் தடுப்பதைக் குற்றமாக்கியது. அச்சட்டம் வந்து 11 ஆண்டுகள் கழிந்த பின்னரும், 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் நடந்தவற்றை மூத்த பழைய மாணவர் மறந்திரார். இன்று கோயிற் கதவுகள் பல திறந்துள்ளன. வகுப்பறையில் ஒரே வாங்கில், விடுதியில் ஒரே பந்தியில் இருந்தே எம் மாணவர் வளர்கின்றனர். ஆனால் எந்தச் சட்டமும் வீட்டு மண்டபத்தினுட் புகுந்து, உன் மகளை இன்னானுக்குக் கொடு என்று சொல்லமுடியாது, சொல்லவும் கூடாது. ஆதலினாலேயே சாதி, தனக்கு எஞ்சிய கடைசி அரணாகக் கலியாணத்தைப் பற்றிக்கொண்டிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையின் மணமக்கள் தேவைப் பகுதியைப் பாருங்கள். மேடையில் எவரும் உரைக்க நாணும் சொல், அங்கே கட்டணஞ் செலுத்தி அச்சிடப்படுகிறது. அதை அச்சிடுவிப்போருள் நம் கல்லூரியில் நால்வகை ஒழுக்கமும் கற்றுச் சென்ற அன்பரும் இலரோ? ஒன்று மட்டும் சொல்லலாம். வெளிநாட்டுக் குடியுரிமை என்னும் சொல் விளம்பரத்தில் வருமிடத்து, சாதி பார்க்கும் கண் சிறிது மங்குவதையும் கண்டிருக்கிறோம். பெருங்கடலைத் தாண்டக்கூடிய மணம் வேலியைத் தாண்டமாட்டாதது விந்தையே.

இதற்குச் சமயத்தைத் துணைக்கழைப்போர் உளர். அன்னார் பெரியபுராணத்தை ஒருகாற் புரட்டிப் பார்ப்பாராக. ஆதிசைவராகிய சுந்தரமூர்த்தி நாயனாருக்குப் பெற்றார் பேசி, குலமொத்து, புத்தூரிற் பந்தலிட்டு ஏற்பாடு செய்த மணம் ஒன்று. இறைவன் முதியவராய் ஓலையோடு வந்து தடுத்தது அந்த மணத்தையே. பின்னர்த் திருவாரூரிற் பரவையாரையும், திருவொற்றியூரில் வேளாளர் குடியிற் பிறந்த சங்கிலியாரையும் அவர் மணந்தபோது தடை சொல்லாததோடு, இறைவனே நடுவில் நின்று நடத்தியும் வைத்தார். இருவரை மணந்ததைப் பின்பற்ற 1907 ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தராது என்பதை மட்டும் இளைஞருக்கு நினைவூட்டுகிறோம்.

சட்டத்திலே திருத்தவேண்டியது இன்னும் உண்டு என்பதையும் கூறாதுவிடின் நடுநிலை ஆகாது. யாழ்ப்பாணத்து விவாக உரிமைகளும் மரபுரிமையும் பற்றிய 1911 ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டத்தின்படி, தேசவழமைக்கு உட்பட்ட பெண் அதற்கு உட்படாத ஒருவரை மணந்தால், அம்மணம் உள்ளவரை அவள் தேசவழமையினின்று நீங்குகிறாள். உட்படாத பெண் உட்பட்டவரை மணந்தாலோ, அவளும் அதற்குள் வருகிறாள். கணவன் எச்சட்டத்தானோ அச்சட்டத்தாள் மனைவி. ஆண் தன் சட்டத்தை எங்கும் சுமந்து செல்கிறான். பெண்ணின் சட்டம் மணவறையில் மாறுகிறது. மேலும், தேசவழமைக்குட்பட்ட மனைவி தன் பேரில் உள்ள காணியைத் தானே விற்பதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அவன் தகுந்த காரணமின்றி மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியை நாடவேண்டும். எங்கள் மாணவியர் சட்டத்தரணிகளாகவும் வைத்தியர்களாகவும் இருக்கும் இக்காலத்தில், தாய் கொடுத்த தோட்டக் காணியை விற்கக் கணவனின் கையெழுத்துக்கு நிற்பது பொருத்தமா என்பதைப் பழைய மாணவருள் சட்டம் வல்லோர் எண்ணிப் பார்க்கவேண்டும்.

அரசின் பட்டியலும் எப்பொழுதும் குறியதாகவே இருக்குமென நம்பியிருத்தலும் கூடாது. வெளிநாட்டவர் ஒருவர் இலங்கையரை மணப்பதாயின், பாதுகாப்பு அமைச்சின் தடையின்மைச் சான்று வேண்டுமென 2021 ஒக்டோபரிற் பதிவாளர் நாயகத்தின் சுற்றறிக்கை ஒன்று வந்தது. 2022 சனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வருமென அறிவிக்கப்பட்டது. பாராளுமன்றம் இயற்றிய சட்டமன்று, ஒரு சுற்றறிக்கை. கனடாவிலும் இலண்டனிலும் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளும் அச்சொல்லின்படி வெளிநாட்டவரே. அப்போது பலர் கண்டித்தெழுந்தனர், எழுந்தது நன்று. முன்பின் அறியாத அதிகாரி ஒருவர் நம் பிள்ளையின் மணத்துக்கு அனுமதி தருவதா என்று நம்மவர் கொதித்தபோது, அந்த விறாந்தையில் எழுந்து நின்ற தகப்பனாரை எமக்கு நினைவு வந்தது.

மீண்டும் அவ்விறாந்தைக்கு வருவோம். பதிவாளர் முன் மணப்பதற்குச் சாட்சிகள் இருவர் வேண்டும். ஒருவர் நாம். மற்றவராக வர இசைந்திருந்தவர் மணமகனோடு ஏழாண்டு ஒரே வகுப்பிற் படித்தவர். அன்று காலை அவருக்குக் காய்ச்சல் என்று செய்தி வந்தது. அக்காய்ச்சல் எத்தன்மையது என்பதை நாம் ஆராயவில்லை. மணமகனின் கைத்தொலைபேசியில் வகுப்புத் தோழர் குழுவொன்று உண்டு. அதில் நூற்றுக்கு மேற்பட்டோர் உளர். ஒருவரும் வரவில்லை. இறுதியில் அவர்களை ஏற்றிவந்த முச்சக்கரவண்டிக்காரர் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு படியேறி வந்தார். அவர் எங்கள் கல்லூரியிற் படித்தவரல்லர்.

சங்கத்தின் விழாச் செலவுக் கணக்கை அண்மையிற் பார்த்தோம். கட்டடத்துக்கும், விருந்துக்கும், இம்மலருக்கும் தாராளமாகப் பணம் ஒதுக்கப்பட்டுள்ளது; மகிழ்ச்சி. அதனோடு ஒரு சிறு காரியத்தையும் சேர்த்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். சட்டம் தடுக்காத மணத்தை வீட்டார் தடுக்கும்போது, நம் கல்லூரியின் பழைய மாணவர் எவராயினும் கேட்டால், சங்க மண்டபத்தை ஒருநாள் வாடகையின்றி அவருக்குக் கொடுத்தல் வேண்டும். செயற்குழுவினர் இருவர் சாட்சியாக வந்து கையெழுத்திடல் வேண்டும். மண்டபம் கேட்போரிடம் பதிவாளர் கேட்கும் கேள்விகளையன்றி வேறொன்றும் கேட்டலாகாது. அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் இதனை ஒரு பிரேரணையாக முன்வைக்க எண்ணியுள்ளோம். வழிமொழிவதற்கு ஒருவர் வேண்டும்.